மூன்றே முக்கால் அடி

சித்திரைக் கடைசி. கோடை முற்றியிருந்த நாளிலேயே
தண்ணீர் மூன்றே முக்கால் அடியில் இருந்தது.
கடப்பாரையை உருவிய ஓட்டையில்
சாம்பல் நிறக் களி,
அதன் மேல் இரண்டு குமிழி.
"அவ்வளவுதான் அக்கா" என்றான் தோண்டியவன்.

வரைபடம் முப்பதடி கேட்டது.

சவரிராயன், சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர்,
சூயஸ் கால்வாயை இருபத்தாறு தரம் கடந்தவர்,
கப்பல் பழுதாகி நின்ற ஒன்பது நாளில்
சக்காரா மணலில் திரிந்து
நோட்டு நிறைய அளவெடுத்து வந்தவர்.
திருப்பூண்டிக்குத் தெற்கே
புயலில் விழுந்த தென்னந்தோப்பில்
தனக்கொரு மஸ்தபா வேண்டும் என்றார்.

நான் டிப்ளமோ சிவில். அதுவரை கட்டியவை
கல்யாண மண்டபம் இரண்டு,
நெல் கொள்முதல் நிலையம் ஒன்று,
பள்ளிக் கழிப்பறை பதினொன்று.

உள்சாய்ந்த சுவர், தட்டையான உச்சி.
உச்சியிலிருந்து நேர்கீழே ஒரு குழி,
குழியின் அடியில் அறை, அறையில் அவர்.
அப்புறம் குழியைக் கல்லும் மண்ணும் கொட்டி
மூடிவிட வேண்டும்.
கிழக்குச் சுவரில் பொய்க் கதவு.
நிலை, விட்டம், சுருட்டிக் கட்டிய பாய்
எல்லாமே கல். கீல் கிடையாது.
செத்தவர் மட்டும் திறந்து வெளியே வருவார்,
வைத்ததைச் சாப்பிட்டுத் திரும்புவார்.

"இங்கே" என்று பென்சிலால் தொட்டார்,
"வாசலே இல்லாத சின்ன அறை. உள்ளே என் சிலை.
கண் மட்டத்தில் ஒரு கீறல்."
"எதற்கு சார்?"
"யார் வருகிறார்கள் என்று பார்க்கத்தான்."

ஐந்து குதிரைசக்தி மோட்டார், இரண்டு நாள்.
இறைக்க இறைக்க
இறால் பண்ணைப் பக்கமிருந்து உப்பு நடந்து வந்தது.
மூன்றாம் நாள் காலை சுவர் சரிந்த குழிக்குள்
ஒரு நண்டு,
பட்டா வாங்கியவன் தோரணையில்.

"தண்ணீர் படக் கூடாது" என்றார், மூன்றாவது தடவை.
பிறகு சொன்னார்:
புயலடித்த கார்த்திகையில் பிலோமினாவைப் புதைத்தபோது
பெட்டி மிதந்ததாம்.
மண் தள்ளி முடிகிற வரை
இரண்டு பேர் ஏறி நின்று அழுத்தினார்களாம்.
"ஒருத்தன் குழிவெட்டி.
இன்னொருத்தன் நான்."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.
நான்தான் போய் நிறுத்தினேன்.

"சார், சக்காரா பாலைவனம்.
நைல் கடலில் சேர்கிற இடத்தில் பார்த்தீர்களா,
ஒரு மஸ்தபாவாவது?"
யோசித்தார்.
"ரயிலில் போனேன். வயல்தான்.
நம்மூர் மாதிரியே பச்சை."
"அங்கேயும் ஆட்கள் செத்திருப்பார்களே."

ரொம்ப நேரம் கழித்து
அழிப்பான் கேட்டார்.
குழியை அழித்தார், அறையை அழித்தார்.
தாள் கிழிகிற மட்டும் தேய்த்தார்.

மிஞ்சியதைக் கட்டினோம்.
எட்டடிக்கு ஐந்தடி, நாலரையடி உயரம்,
உள்ளே ஒன்றுமில்லை.
கூழாங்கல்கூடக் கிடைக்காத இந்த மண்ணுக்கு
புதுக்கோட்டையிலிருந்து லாரியில் கல் வந்தது.
பில்லில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது:
கதவு ஒன்று, திறக்காதது, ரூபாய் நாற்பத்தோராயிரம்.

ஆடி பிறந்துதான் மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்தது.
அரிச்சந்திரா நதி நிரம்பி, வாய்க்கால் நிரம்பி,
பொய்க் கதவின் படி வரைக்கும் வந்து
கொஞ்ச நாள் நின்றுவிட்டுப் போனது.

அவர் அடுத்த பங்குனியில் போனார்.
கல்லறைத் தோட்டத்தில், பிலோமினாவுக்குப் பக்கத்தில்.
நாலடிதான் வெட்டினார்கள்.
அடியில் கால் அடி ஈரம்.
யாரும் ஏறி நிற்க வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் தோப்புக்குப் போனேன்.
சிலை வைக்காத அறையின் கீறலில்
ஒரு குளவி வாய்க்கால் களியை உருட்டி வந்து
அறை கட்டிக்கொண்டிருந்தது.
சிலந்தி ஒன்றை உள்ளே வைத்தது.
வாசலை அடைத்தது.
இன்னும் கொஞ்சம் களி எடுத்துவர
தெற்கே பறந்தது.